வீட்டில் ரெண்டு பெரிய நாய், சனிக்கிழமை 50 நாள் குட்டி வருது: எப்படிச் சேர்க்கிறது?

புதூர்க்காரி

வணக்கம். வீட்டில் ஏற்கெனவே ரெண்டு பேர். லாப்ரடார் பெட்டை, 9 வயசு, இடுப்பு வலி இருக்கு, படியேற மாட்டா. சிப்பிப்பாறை ஆண், 4 வயசு, கருத்தடை ஆச்சு, அணிலைக் கண்டா விட மாட்டான். சனிக்கிழமை ஒரு நாட்டுக்குட்டி வருது. பெட்டை, சுமார் 50 நாள், எடை 2.2 கிலோ. தெருவில் தாயோட இருந்தது. தாய்க்கு ஊசி போட்டாங்களான்னு தெரியாது. குட்டிக்குப் பூச்சி மருந்து ஒரே ஒரு தடவை கொடுத்திருக்காங்க.

ரெண்டு பெட்ரூம் வீடு, பின்னாடி சிமெண்ட் கொல்லை, உள்ளே முழுக்க வழுக்குற டைல்ஸ். அப்பா, அம்மா, 6 வயசுப் பையன் இருக்காங்க. குட்டியை எத்தனை நாள் தனியா வைக்கணும், எப்படி அறிமுகப்படுத்தணும், என்ன சாப்பாடு, எப்போ ஊசி? எல்லாமே சொல்லுங்க.

ஊசிப்பெட்டி

முதல்ல பெரியவங்களோட ஊசிப் புத்தகத்தை எடுங்க. வெறிநோய் ஊசி, கூட்டுத் தடுப்பூசி (பல நோய்க்கும் சேர்த்துப் போடுறது) ரெண்டுமே தேதி தாண்டாம இருக்கணும். தாண்டியிருந்தா குட்டி வர்றதுக்கு முன்னாடியே போட்டுடுங்க.

தாயோட விவரம் தெரியாத தெருக்குட்டின்னா 14 நாள் தனி அறை. பயம் பார்வோதான், குடலைத் தாக்குற வைரஸ் நோய். தொற்றி அறிகுறி தெரிய பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும், சிலதுக்கு 14 நாள் வரை போகும். வர்றப்போ துள்ளிக்கிட்டு வந்த குட்டி நாலாம் நாள் சாப்பிடாம சுருண்டு படுக்கும், அப்புறம் வாந்தி, அப்புறம் ரத்தம் கலந்து கடும் நாத்தத்தோட பேதி. அன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும். ‘காலையில் பார்ப்போம்’னு விட்டா நீர் வற்றியே போயிடும். வாந்தி நிக்காதப்போ வாயில் எதையும் ஊத்தாதீங்க, சலைன் நரம்பில்தான் ஏத்தணும். கண்ணில் பூளை, மூக்கில் கெட்டிச் சளி, இருமல் தெரிஞ்சா அது டிஸ்டம்பரா (இன்னொரு கொடிய வைரஸ் நோய்) இருக்கலாம். 14 நாள் முடிஞ்சாலும் வெளியே விடாதீங்க.

ஊசி: இப்போ 7 வாரம். குட்டி நல்லா இருக்குன்னு டாக்டர் பார்த்துச் சொன்னா முதல் கூட்டு ஊசி. அப்புறம் 3-4 வாரத்துக்கு ஒண்ணு, கடைசி ஊசி 16 வாரம் முடிஞ்ச பிறகு விழணும். இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. ‘மூணு ஊசி ஆச்சு’ன்னு 12 வாரத்தோட நிறுத்திடுவாங்க. எண்ணிக்கை கணக்கே இல்லை, வயசுதான் கணக்கு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டி உடம்பில் இருக்கிற வரைக்கும் அது ஊசி மருந்தையும் சேர்த்து முறியடிச்சுடும். அது எந்த வாரம் தீரும்னு குட்டிக்குக் குட்டி மாறும், அதனாலதான் திரும்பத் திரும்பப் போடுறோம். வெறிநோய் ஊசி 12 வாரத்தில். அதுக்கு அடுத்த டோஸ் எப்போன்னு டாக்டர் அட்டையில் எழுதித் தருவார்.

மருந்தை வெளியில் வாங்கிட்டு வரச் சொன்னா ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டி கொண்டு போங்க. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய பொருள், மதுரை வெயிலில் ஸ்கூட்டி டிக்கியில் வச்சு எடுத்துட்டு வந்தா வெறும் தண்ணியைக் குத்தின மாதிரிதான். ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருங்க. முகம் வீங்குதான்னு பார்க்கணும்.

பூச்சி மருந்து 12 வாரம் வரை 15 நாளுக்கு ஒரு தடவை, அப்புறம் 6 மாசம் வரை மாசம் ஒண்ணு. போன வாரத்து எடையை வச்சுக் கொடுக்காதீங்க, அன்னைக்கே நிறுத்துப் பாருங்க. மலத்தில் சேமியா மாதிரி நெளிஞ்சா உருண்டைப் புழு. அது பையனுக்கும் தொத்தும். குட்டியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாம தட்டில் கை வைக்கக் கூடாது.

உண்ணி இருந்தா சீப்பும் இடுக்கியும் போதும். பெரியவங்களுக்கு வாங்கின மருந்தைப் பங்கு போட்டுக் கொடுக்காதீங்க. நல்ல உண்ணி மாத்திரைகளே 8 வாரம் ஆகி 2 கிலோ தாண்டின பிறகுதான், உங்க குட்டிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு. தண்ணியில் கலந்து குளிப்பாட்டுற உண்ணி மருந்து அமிட்ராஸ் இந்த வயசுக்கு வேண்டவே வேண்டாம்.

தரைக்கு ஃபினாயில் ஊத்தினா வாசனை வரும், பார்வோ சாகாது. 10 லிட்டர் வாளித் தண்ணிக்கு 60 கிராம் புது பிளீச்சிங் பவுடர். பழைய பாக்கெட்டில் வீரியம் இருக்காது. முதல்ல மலம், மூத்திரத்தைச் சோப்புத் தண்ணியால் சுத்தமாக் கழுவிடணும். அழுக்கு மேல ஊத்தினா வேலை செய்யாது, மூத்திரத்தோட சேர்ந்தா மூச்சை அடைக்கிற புகை கிளம்பும். ஆசிட் பக்கமே கொண்டு போகாதீங்க. 10 நிமிஷம் ஈரமா இருக்கட்டும், அப்புறம் கழுவி, காஞ்ச பிறகு நாய்ங்களை விடுங்க.

மாடக்குளம்

ஊசிப்பெட்டி சொன்னதில் மருத்துவம் எல்லாம் சரி. ஆனா 14 நாள் தனி அறைன்னு கதவைச் சாத்திட்டா நோய் வராத, ஆனா எதைக் கண்டாலும் நடுங்குற குட்டிதான் மிஞ்சும். 3 முதல் 14 வாரம் வரைதான் குட்டி உலகத்தைப் பழகுற காலம். உங்க குட்டிக்கு அதில் மூணில் ஒரு பங்குக்கு மேல ஏற்கெனவே போச்சு. தரையில் இறக்காம இடுப்பில் தூக்கிக்கிட்டு வாசல்ல நில்லுங்க. பஸ் ஹாரன், தள்ளுவண்டி, தொப்பிக்காரர், மழைக்கோட்டு போட்டவர், எல்லாம் பார்க்கட்டும். குக்கர் விசில், மிக்ஸி சத்தம் கேட்கிறப்போ ஒரு துண்டு கோழி. மத்த நாய் போற வர்ற இடத்தில் மட்டும் கால் படக் கூடாது.

பெரியவங்களைச் சேர்க்கிறது இப்படி:

முதல் மூணு நாள் வாசனை மட்டும். குட்டி படுத்த துணியைப் பெரியவங்க சாப்பிடுற இடத்துக்கு ரெண்டடி தள்ளிப் போடுங்க, அவங்க துணியைக் குட்டிக்கு. லாப் (லாப்ரடார்) படுக்கையில் போட்டுடாதீங்க, அது அவ இடம். நோய் அறிகுறி ஏதாவது தெரிஞ்சா இதையும் நிறுத்திடணும். குட்டி அறைக்குத் தனிச் செருப்பு, தனிக் கிண்ணம்; பெரியவங்க வேலையை முடிச்சுட்டுத்தான் குட்டிகிட்ட போகணும்.

நாலாம் நாளிலிருந்து கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம். கம்பி இடைவெளி 4 செ.மீ-க்கு மேல இருந்தா குட்டி தலையை விட்டு மாட்டிக்கும். சிப்பிப்பாறைக்கு மூணடித் தடுப்பெல்லாம் நின்ன இடத்திலிருந்தே தாண்டுற உயரம்தான், அதனால அவனுக்குக் கயித்தையும் கையில் பிடிச்சுக்கணும். ஆறேழு அடி தூரத்தில் ஆளுக்கொரு கிண்ணம். நிம்மதியாச் சாப்பிட்டா மறுநாள் ஒரு அடி கிட்ட. கிண்ணத்தை விட்டுட்டு முறைச்சா ஒரு அடி பின்னால.

டாக்டர் சரின்னதும் நேருக்கு நேர். ஹாலில் வேண்டாம், கொல்லையில் வைங்க. டைல்ஸில் கால் வழுக்கினா வலி இருக்கிற லாப் குட்டி மேலதான் எரிஞ்சு விழுவா. உள்ளே அவ நடக்கிற வழி முழுக்க ரப்பர் பாய் போட்டுடுங்க, இது குட்டி வராட்டியும் செய்ய வேண்டியது. முதல்ல லாப் மட்டும், 5 நிமிஷம். சிப்பிப்பாறை மறுநாள், தனியா.

சிப்பிப்பாறையைப் பத்திக் கொஞ்சம் நீட்டிச் சொல்லணும். அவன் முரடன் இல்லை, ஓடுறதைப் பிடிக்கவே பிறந்தவன். குட்டி கீச்சுன்னு கத்திக்கிட்டு ஓடினா அவன் கண்ணுக்கு அது முயல். முதல்ல அவனை அரை மணி நேரம் நடத்திக் களைப்பாக்கிக் கூட்டிட்டு வாங்க. கயிறு தளர்வா இருக்கட்டும், இறுக்கிப் பிடிச்சா அந்த இறுக்கம் அவன் உடம்புக்கும் ஏறும். குட்டி உட்கார்ந்திருக்கணும், ஓடவே கூடாது. அவன் மூக்கை நீட்டி மோந்துட்டுத் தலையைத் திருப்பினா நல்லது, கூப்பிட்டுத் தீனி கொடுங்க. வாயை மூடி, கழுத்தைத் தாழ்த்தி, கண்ணிமைக்காம நின்னா அது மோப்பம் இல்லை, குறி பார்க்கிறது. சத்தம் போடாம அவனைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுங்க. குட்டிக்கு ஆறு மாசம் ஆகிற வரைக்கும் ரெண்டும் ஒரு நிமிஷம்கூட ஆளில்லாம ஒண்ணா இருக்கக் கூடாது.

அடுப்படி

சாப்பாட்டை நான் சொல்றேன். முதல் மூணு நாள் அங்கே என்ன சாப்பிட்டதோ அதுவே. அப்புறம் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. ஒரே நாளில் மாத்தினா பேதி வரும், அது பார்வோவான்னு வீடே பதறும்.

2.2 கிலோ குட்டிக்கு குட்டித் தீனி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 100 கிராம், 25 கிராமா நாலு வேளை. பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவையும் பாருங்க, தீனிக்குத் தீனி சத்து மாறும். வெதுவெதுப்பான தண்ணியில் 10 நிமிஷம் ஊறட்டும். மூணு மாசம் ஆனதும் மூணு வேளை, ஆறு மாசத்துக்கு அப்புறம் ரெண்டு. வாராவாரம் எடை பாருங்க, அளவை அதுக்குத் தகுந்த மாதிரி ஏத்தணும். மேலேயிருந்து பார்த்தா இடுப்பு தெரியணும். வயிறு மட்டும் பானை மாதிரி இருந்தா சத்து இல்லை, பூச்சி.

பசும்பால் வேண்டாம், பேதிதான் மிச்சம். வெறும் தயிர்சாதத்தில் வளர்ற குட்டிக்குக் கால் வளையும். அதுக்குன்னு குட்டித் தீனி தின்கிற குட்டிக்கு மேற்கொண்டு கால்சியம் சிரப் ஊத்தினாலும் எலும்பு கெடும். டாக்டர் எழுதாம கொடுக்காதீங்க.

பாட்டி தாத்தா இருக்கிற வீடு, அதனால ஒரு எச்சரிக்கை. சாம்பார் சாதம் கூடாது, அதில் சின்ன வெங்காயம், நாய்க்கு ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். பாயசத்தில் கிடக்கிற உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், எத்தனைன்னு பாதுகாப்பான கணக்கே கிடையாது. மாங்கொட்டை குடலில் அடைச்சுக்கும். சமைச்ச கோழி எலும்பு ஊசியாப் பிளக்கும். லாப்புக்கு வலின்னு அப்பாவோட மாத்திரை டப்பாவைத் திறக்காதீங்க, பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் ரெண்டும் நாய்க்கு விஷம்.

ஊசிப்பெட்டி

மாடக்குளம் சொன்ன தடுப்பு முறை சரி, நான் கதவைச் சாத்தச் சொல்லலை. 14 நாள் நேரடியா உரசக் கூடாது, அவ்வளவுதான்.

பையன் விஷயம் விட்டுப்போச்சு. குட்டிப் பல் ஊசி மாதிரி, விளையாட்டில் கீறும். தெருவிலிருந்து வந்த, வெறிநோய் ஊசி போடாத குட்டி. தோல் கீறினா ‘குட்டிதானே’ன்னு விடாதீங்க. குழாய்த் தண்ணியில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரி. தோலுக்குள் போடுற ஊசி 0, 3, 7, 28-ஆம் நாள், காசு கிடையாது. ரத்தம் வந்திருந்தா காயத்தைச் சுத்திப் போடுற இம்யூனோகுளோபுலினும் (உடனே வேலை செய்யுற எதிர்ப்பு மருந்து) வேணும், நீங்களே கேட்டுப் போட்டுக்கோங்க. சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் காயத்தில் வைக்கக் கூடாது.

புதூர்க்காரி

எல்லாருக்கும் நன்றி. குட்டி வந்து 17 நாள் ஆச்சு. டாக்டர் பார்த்துட்டு முதல் ஊசி போட்டார், இப்போ கொல்லையில் நேரில் விடுறோம். சிப்பிப்பாறை மோந்துட்டுப் போயிடுறான். லாப்தான் உறுமுறா. குட்டி அவ வாலைக் கடிக்க வருது. அம்மா லாப்பை அதட்டுறாங்க. சரியா? இன்னொண்ணு, ராத்திரி குட்டி ஹாலில் எங்கே வேணா மூத்திரம் போகுது.

மாடக்குளம்

அதட்ட வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க. உறுமல்தான் அவ பேச்சு. அதை வாயடைச்சா அடுத்த தடவை பேசாமலே கடிப்பா. அடுத்த முறை லாப் முகத்தையே பாருங்க. முதல்ல தலையை அந்தப் பக்கம் திருப்புவா. குட்டி விடாது. நாக்கு மூக்கை ஒரு தடவை நக்கிட்டு உள்ளே போகும். காது பின்னால ஒட்டும். கடைக்கண்ணில் வெள்ளை பிறை மாதிரி தெரியும். அதுக்கும் அப்புறம்தான் உறுமல். உறுமினதும் குட்டி பின்வாங்கினா நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம், பாடம் முடிஞ்சது. பின்வாங்காட்டி நீங்க எழுந்து குட்டியை எடுத்துட்டுப் போய்த் தடுப்புக்குள் விடணும். கடைக்கண் வெள்ளை தெரியுறப்போவே எடுத்துட்டா இன்னும் நல்லது.

குட்டி ஒரு நாளைக்கு 18 மணி நேரமாவது தூங்கணும். சாயங்காலம் பேய் பிடிச்ச மாதிரி வாலைக் கடிக்குதுன்னா பெரும்பாலும் தூக்கம் பத்தலை. அந்த நேரத்தில் லாப்பிடம் விடாதீங்க. லாப் படுக்கைக்குக் குட்டி ஏற முடியாதபடி ஒரு மூலை ஒதுக்குங்க. தீனி, கொஞ்சல், வாசல் திறக்கிறது எல்லாம் முதல்ல அவளுக்கு. வலிக்கு டாக்டரை ஒரு தடவை பார்த்துடுங்க, முன்னாடி பொறுத்துக்கிட்ட நாய் திடீர்னு உறுமினா வலி கூடியிருக்கலாம்.

நாலுகால்

மூத்திரத்துக்கு: ரெண்டு மாசம் தாண்டின குட்டி பகலில் மூணு மணி நேரம் தாங்கினா பெரிசு. தூங்கி எழுந்ததும் உடனே, சாப்பிட்ட 5 முதல் 20 நிமிஷத்துக்குள், விளையாடி முடிச்சதும், கொல்லையில் ஒரே மூலைக்குத் தூக்கிட்டுப் போங்க. நடக்க விட்டா வழியிலேயே போயிடும். அங்கே போனதும் அந்த இடத்திலேயே தீனி; உள்ளே வந்து கொடுத்தா எதுக்குக் கொடுத்தீங்கன்னே அதுக்குப் புரியாது. ராத்திரி ஹாலில் அவிழ்த்து விடாதீங்க. உங்க கட்டிலுக்குப் பக்கத்தில், சுத்தி வந்து படுக்கிற அளவுக்கு மட்டும் ஒரு பெட்டி. ராத்திரி 1 மணிக்கு ஒரு தடவை, 4 மணிக்கு ஒரு தடவை, விளக்குப் போடாம, பேசாம தூக்கிட்டுப் போய்ட்டு வாங்க. உள்ளே போன இடத்தைத் துணி துவைக்கிற சோப்புத்தூள் போட்டுக் கழுவி, வினிகரும் தண்ணியும் சம அளவு கலந்து துடைங்க. நமக்கு வாசம் போனா போதாது, அதோட மூக்குக்கும் போகணும். மூக்கைப் பிடிச்சு மூத்திரத்தில் தேய்க்கச் சொல்ற ஆளு எல்லாத் தெருவிலும் ஒருத்தர் இருப்பார். தேய்ச்சா கட்டிலுக்கு அடியில் ஒளிஞ்சு போகப் பழகும், அவ்வளவுதான்.

புதூர்க்காரி

பெட்டிக்கு மிளகாய் வத்தல் வந்த பெரிய அட்டைப்பெட்டி இருக்கு, ஆகுமா?

நாலுகால்

வேண்டாம், அந்த நெடி போகாது, கண் எரியும், தும்மிக்கிட்டே கிடக்கும். மளிகைக்கடையில் பிஸ்கட் அட்டைப்பெட்டி கேளுங்க. அடியில் பழைய கோணி, மேல பருத்திப் புடவை நாலா மடிச்சுப் போடுங்க. பின்னு, பிளாஸ்டிக் டேப் எல்லாம் முதல்ல பிச்சு எடுத்துடுங்க, குட்டி அதைத்தான் முதல்ல தின்னும்.