டாக்கோ, டாஹோ, ஒயின்: பட்ஜெட்ல போனவங்க உங்க அனுபவத்த இங்க போடுங்க

ஃப்ரீமாண்ட்_பூனை:

ரெண்டு வருஷமா உறுத்திட்டே இருக்கு, இங்கயாவது கொட்டிடறேன். ப்ரெசிடென்ட்ஸ் டே லாங் வீக்கெண்ட், நாங்க, நண்பர் குடும்பம், ஊர்லேர்ந்து வந்திருந்த எங்க அப்பா. வழக்கமான கஞ்சப் ப்ளான்தான், போற வழியில டாக்கோ, அதான் சோள ரொட்டில கறி வச்சு மடிக்கிற மெக்சிகோ சாப்பாடு, கலிஃபோர்னியா மலை மேல டாஹோ ஏரி பக்கம் ஒரு நாள் ஸ்கீ, திரும்பும்போது ஹைவே 50ல இறங்கி அமடோர் கவுண்டில ப்ளிமத் பக்கம் ரெண்டு ஒயினரி, நாப்பாவுல டேஸ்டிங்குக்கு மட்டும் அழுற காசுக்கு அமடோர்ல பாட்டிலே கைக்கு வந்துடும்னு உங்களுக்கே தெரியும், அத விடுங்க.

அப்பா சுத்த சைவம். திருநெல்வேலில பேக்கரிக்குப் போனா கேக்குல முட்டை இருக்கானு நாலு தடவ கேப்பார், இல்லனு சொன்னாலும் வாங்க மாட்டார், அப்படி ஒரு ஆள். ஸ்டாக்டன்ல ஒரு டயர் கடை வாசல்ல டாக்கோ ட்ரக் நிக்கும், கேஷ் மட்டும்தான். நாங்க அல் பாஸ்தோர், அசாதானு கறி டாக்கோவா வாங்கிட்டோம். அப்பாவுக்கு நான் போய் கறி வேணாம்னு "நோ கார்னே, நோ கார்னே"னு ரெண்டு கையையும் ஆட்டி சொன்னேன். அந்தம்மா "ஃப்ரிஹோலெஸ்?"னு கேட்டு, சின்ன சோள டோர்ட்டியாவ ரெண்டு ரெண்டா அடுக்கி, மசிச்ச பீன்ஸ் வச்சு, மேல வெங்காயம் கொத்தமல்லி தூவிக் குடுத்தாங்க.

அப்பா முதல்ல மோந்து பாத்தார். அப்புறம் எலுமிச்சைய புழிஞ்சார், பச்சை சல்சாவ ஊத்தினார், கார் பானட் மேல தட்ட வச்சுக்கிட்டு நின்ன வாக்குல மூணு சாப்பிட்டார். கடைசில பேப்பர் தட்டுல ஒட்டியிருந்த பீன்ஸ ஆட்காட்டி விரலால வழிச்சு வாயில வச்சார். வெளி இடத்துல அவர் விரல சப்பி நான் பாத்ததே இல்ல. "மொச்சைய மசிச்ச மாதிரி இருக்கு, ஆனா என்னமோ ஒரு வாசம் கூட இருக்குடா"ன்னார்.

காசு குடுக்கும்போது உள்ள அடுப்பு பக்கத்துல ஒரு வெள்ள வாளி. மேல மாந்தேகானு எழுதியிருந்துச்சு. அப்ப எனக்கு அர்த்தம் தெரியாது, சத்தியமா தெரியாது. மேல ஏறும்போது கோல்ஃபாக்ஸ் தாண்டி, பனில வழுக்காம இருக்க டயருக்கு செயின் மாட்டியிருக்கானு பாக்குற செயின் கன்ட்ரோல் க்யூல வண்டி நின்னுச்சு, மனைவி ஸ்டியரிங்ல, நான் சும்மா போன்ல தட்டிப் பாத்தேன். பன்னிக் கொழுப்பு. அதே நேரம் பின் சீட்லேர்ந்து அப்பா, "அந்த பீன்ஸ எப்படி செய்யறாங்கனு கேட்டியா?"

சொல்லல. இன்னிக்கு வரைக்கும் சொல்லல. ஊருக்குப் போன பிறகும் அம்மாவ ராஜ்மா வாங்க சொல்லி மசிச்சு மசிச்சு பாக்குறாராம், அந்த ருசி வரலையாம்.

செயின்_போட்ட_சிங்கம்:

கோல்ஃபாக்ஸ்னு படிச்சதுமே எனக்கு விரல் மரத்துப் போகுது.

எங்களது கேம்ரி, ரோட்டுல ஆர்2னு போர்டு போட்டிருந்தான். அதாவது ஸ்னோ டயர் போட்ட நாலு சக்கர ட்ரைவ் வண்டிக்கு மட்டும்தான் விலக்கு, மத்தவன் எல்லாம் செயின் மாட்டணும். ரோட்டோரமா நம்பர் போட்ட அங்கி மாட்டிக்கிட்டு செயின் மாட்டி விடற ஆளுங்க நிப்பாங்க இல்ல, ஒருத்தர் கிட்ட ரேட் கேட்டேன், அந்தக் காசுல ஒரு குடும்பமே டாக்கோ சாப்பிடலாமேனு தோணுச்சு, நானே மாட்டிக்கிறேன்னு கெத்தா சொல்லிட்டேன். முக்கா மணி நேரம். க்ளவுஸ் போட்டா கொக்கி மாட்ட வரல, கழட்டினா விரல் இருக்குறதே தெரியல. ஒரு வழியா மாட்டி வண்டிய எடுத்து செக்கிங்குக்கு போனா, அந்த ஆள் டார்ச் அடிச்சு முன் டயர பாத்தான், குனிஞ்சு பின் டயர பாத்தான், அப்புறம் நிதானமா என் மூஞ்சில அடிச்சான். "சார், உங்க வண்டிக்கு இஞ்சின் டிக்கிலயா இருக்கு?"

முன் சக்கர ட்ரைவ் வண்டிக்கு பின்னாடி மாட்டி வச்சிருக்கேன்.

திரும்பி போய் அதே ஆள் கிட்ட நின்னேன். அஞ்சே நிமிஷம், அதே ரேட்டு, ஒரு வார்த்தை பேசல அவர். பேசியிருந்தா கூட பரவால்ல. வீட்ல இப்ப நான் ஸ்க்ரூட்ரைவர எடுத்தாலே "இஞ்சின் எங்க இருக்குனு பாத்துக்கோங்க"ங்கறா.

பூனை ப்ரோ, அப்பா கிட்ட சொல்லிடாதீங்க. பெரியவங்க மனசு தாங்காது.

பச்சமொளகா:

ஒரு நிமிஷம். வாளிய பாத்தத வச்சு பீன்ஸ்ல அதுதான் போட்டாங்கனு எப்படி முடிவு பண்ணீங்க? அந்த ட்ரக்ல கார்னிதாஸ் இருந்துச்சா? கார்னிதாஸே பன்னிக் கறிய அதோட கொழுப்புலயே வேக வைக்கறதுதான், வாளி அதுக்கா கூட இருக்கலாம். நிறைய பேர் இப்ப பீன்ஸுக்கு வெறும் எண்ணெய்தான் ஊத்தறாங்க. ரெண்டு வருஷமா கேக்காமலே உருகிட்டு இருந்திருக்கீங்க.

என் கதை சின்னது. மெனுல லெங்குவானு இருந்துச்சு, என்னனு கேட்டேன், கவுன்டர்ல இருந்த பெரியவர் பேசாம நாக்க முழுசா வெளிய நீட்டிக் காட்டினார். மாட்டு நாக்கு. நான் க்யூல பின்னாடி நின்னவங்களுக்கு பயந்துக்கிட்டு ரெண்டு வாங்கிட்டேன். இன்னிக்கும் டாக்கோவ கையில எடுத்தா அந்தப் பெரியவர் முகம்தான் வருது.

இனிமே சைவக்காரங்கள கூட்டிட்டு போறவங்க கவனிங்க, "நோ கார்னே"னா கறித்துண்டு இல்லனு மட்டும்தான் அவங்களுக்கு அர்த்தம். "சின் மாந்தேகா"னு, அதாவது பன்னிக் கொழுப்பு இல்லாமனு, தனியா சொல்லணும். சோறு சிவப்பா அழகா இருக்கேனு தொட்டுடாதீங்க, பெரும்பாலும் கோழி வேக வச்ச தண்ணியில செஞ்சது. மைதா டோர்ட்டியாலயும் பன்னிக் கொழுப்பு போட்டு பிசையறது அவங்க பழைய வழக்கம், அதனால சோளத்துக்கே போங்க, சோளத்துல ஒண்ணும் கிடையாது, மக்காச்சோளத்த சுண்ணாம்புத் தண்ணியில வேக வச்சு ஊற வச்சு தோல் நீக்கி அரைப்பாங்க. வெத்தலைக்கு தடவுற அதே சரக்குதான். பயப்படாதீங்க, அத கழுவிடுவாங்க, சோளத்துல இருக்குற ஒரு விட்டமின் உடம்புல சேர்றதே அந்தச் சுண்ணாம்பாலதான். கத்தாழை மாதிரி சப்பாத்திக்கள்ளி மடல்ல நோபாலெஸ்னு ஒண்ணு செய்வாங்க, வெண்டைக்கா மாதிரி கொழகொழன்னு இருக்கும், நம்ம ஆளுங்களுக்கு புடிக்கும். எல்லாத்தையும் ஒரே கல்லுலதான் வாட்டுவாங்க, அத பாத்தா நீங்க வீட்லயே புளிசாதம் கட்டிக்க வேண்டியதுதான். அப்புறம் தக்காளி, மிளகாய் ரெண்டுமே அந்தப் பக்கத்துலேர்ந்து கப்பல்ல வந்ததுதான், அதனால "மெக்சிகோ சாப்பாடு நமக்கு ஒத்துக்காது"னு சொல்ற மாமாக்கள் கிட்ட முதல்ல ரசத்த நிறுத்த சொல்லுங்க.

நாரோயில்காரி:

எனக்கு ஒயின் பக்கத்துல நடந்தது. சொல்லவா வேண்டாமானு ஒரு வாரமா யோசிச்சேன்.

ஊர்லேர்ந்து மாமியார் வந்திருந்தாங்க, நாங்க மாமினுதான் கூப்பிடுவோம். ஸ்கீக்கு அவங்க வரல, ரூம்லயே இருந்து ஜன்னல் வழியா பனிய பாத்துட்டு இருந்தாங்க. திரும்பும்போது ஹைவே 50ல 2021 கால்டோர் காட்டுத்தீயில எரிஞ்ச மரமெல்லாம் மலை மலையா கறுத்த குச்சியா நிக்கும்ல, அதப் பாத்து "ஐயோ பாவம்"னே வந்தாங்க. ப்ளாசர்வில் வந்து ஹைவே 49ல திரும்பி ஷெனான்டோவா வேலில ஒரு ஒயினரி. நூறு வருஷத்துக்கு மேல ஆன ஜின்ஃபேண்டல் திராட்சைக் கொடியெல்லாம் அங்க இருக்கு, பந்தல் கிடையாது, ஒவ்வொண்ணும் தனியா இடுப்பளவுக்கு முறுக்கின கட்டையா நிக்கும். "நம்ம கம்பத்துல பந்தல் போட்டுல்லா வளப்பாவ, இது என்ன மொட்டைக் கட்டை"ன்னு மாமி.

உள்ள கூட்டமே இல்ல, ஊத்திக் குடுக்குறவர் மாமிக்கும் ஒரு க்ளாஸ் வச்சார். குடிக்க மாட்டாங்கனு நான் சொல்றதுக்குள்ள ஒரு வாய் அளவு ஊத்திட்டார். மாமி சேலைத் தலைப்ப எடுத்து தலையில போட்டுக்கிட்டாங்க. க்ளாஸ ரெண்டு கையாலயும் வாங்கினாங்க, தலைய குனிஞ்சாங்க, கண்ண மூடி உதடு அசையுது. அவங்க சிஎஸ்ஐ. ஒயினுனா அவங்களுக்கு திருவிருந்துல குடுக்கறது மட்டும்தான், அது தவிர வாழ்க்கையில வேற எங்கயும் பாத்ததில்ல.

ஊத்தினவர் பாட்டில கீழ வைக்காம அப்படியே நின்னுட்டார். பக்கத்துல நின்ன ஒரு தாத்தா தொப்பிய கழட்டிட்டார். எனக்கு எங்கேர்ந்து அவ்ளோ வெக்கம் வந்துச்சுனு தெரியல, "மாமி, இது சர்ச் இல்ல!"னு சத்தமா சொல்லிட்டேன்.

கண்ண தொறந்து என்ன பாத்தாங்க. ஒரு மொடக்கு குடிச்சாங்க, "இதுல சீனி போடலியா மக்களே"னு மெதுவா கேட்டாங்க. அந்த நேரம் பாத்து அந்தப் பக்கம் ஒருத்தன் ருசி பாத்த ஒயின வாயில கொப்பளிச்சு வாளியில துப்புனான். மாமி க்ளாஸ வச்சுட்டு கார்ல போய் உக்காந்துட்டாங்க. "துப்புதாவளே"ங்கறத மட்டும் வீடு வர்ற வரைக்கும் ரெண்டு தடவ சொன்னாங்க. நான் சத்தம் போட்டத பத்தி ஒண்ணுமே சொல்லல.

டேங்க்_ஃபுல்:

எல்லாரும் கதை சொல்றீங்க, முக்கியமானத யாரும் சொல்லல. ஒயின் டேஸ்டிங் முடிச்சுட்டு 49ல கார் ஓட்டறது எவ்ளோ ஆபத்து தெரியுமா, எவ்ளோ வளைவு? ஒவ்வொரு இடத்துலயும் ஒரு அவுன்ஸ் ரெண்டு அவுன்ஸ்தானேனு நினைப்பீங்க, ஒரு இடத்துல அஞ்சு விதம் ஊத்துவான், மூணு இடம் போனா கணக்கு போட்டு பாருங்க. கலிஃபோர்னியால ரத்தத்துல ஆல்கஹால் 0.08 சதவீதம்தான் லிமிட், அதுக்கு கீழ இருந்தாலும் தடுமாறினா புடிப்பான். இன்னொண்ணு, பாதி குடிச்ச பாட்டில கார்க் அடிச்சு சீட்டுக்கு கீழ வச்சு எடுத்துட்டு வர்றீங்க, அதுவே தப்பு, தொறந்த பாட்டில் டிக்கிலதான் இருக்கணும். குழந்தைங்க இருக்குற வண்டியில இதெல்லாம் தேவையா? சகோதரி, பெரியவங்கள இந்த மாதிரி இடத்துக்கு கூட்டிட்டு போனதே தப்புங்கறது என் தாழ்மையான கருத்து. நானும் லோடைல ஒரு ஒயினரிக்கு ஒரு தடவ போயிருக்கேன், தண்ணி நல்லா இருந்துச்சு, வேற விசேஷமா ஒண்ணும் நடக்கல.

நாரோயில்காரி:

@டேங்க்_ஃபுல் எனக்கு அப்ப ஏழாவது மாசம். ஒரு சொட்டு தொடல, வண்டி ஓட்டினதும் நான்தான். படிச்சுட்டு எழுதுங்க அண்ணே.

பனிக்கரடி_மாமா:

ஸ்கீ பத்தி யாரும் எழுதலையேனு நான் எழுதறேன்.

1960ல விண்டர் ஒலிம்பிக்ஸ் நடந்த பெரிய மலைக்கெல்லாம் நமக்கு கட்டாது, டோனர் பக்கம் ஒரு சின்ன இடம், செவ்வாய்க்கிழமை, ரெண்டு பேருக்கும் லீவு போட்டு. ஸ்கீ, பூட்ஸ் எல்லாம் சாக்ரமென்டோலயே வாடகைக்கு எடுத்தாச்சு, மேல போனா விலை அதிகம். ஜாக்கெட் நண்பனோடது. பேன்ட் மட்டும் எதுக்குனு ஜீன்ஸ்லயே போனேன், அத பண்ணாதீங்க, பதினோரு மணிக்கு அது பலகை மாதிரி ஆயிடும். பையனுக்கு ஆறு வயசு, அவன லெசன்ல விட்டேன். எனக்கு லெசன் வேணாம், யூட்யூப் பாத்தாச்சு.

ரெண்டு மணி நேரத்துல அவன் கத்துக்கிட்டான். "அப்பா வாங்க, நான் சொல்லித் தரேன்"னு பச்சை ஸ்லோப்புக்கு, அதான் கத்துக்குட்டிங்க சறுக்கற இடத்துக்கு, கூட்டிட்டு போனான். முன்னாடி நுனி ரெண்டையும் சேத்து பின்னாடி அகட்டினா பீட்சா, வேகம் குறையும், ரெண்டையும் நேரா வச்சா ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ், பிச்சுக்கிட்டு போகும். கீழ அவன் திரும்பி நின்னு எனக்காக காத்துட்டு இருந்தான். நான் வர்றேன், வேகம் ஏறுது, காலு விறைச்சு போச்சு. "பீட்சாப்பா! பீட்சா போடுங்கப்பா!"னு ரெண்டு கையையும் முக்கோணமா வச்சு காட்டுறான். அந்தச் சின்ன க்ளவுஸ் மஞ்சக் கலரு. நான் நேரா அவன் மேலதான் போய் விழுந்தேன்.

ஒண்ணும் ஆகல. ஹெல்மெட் இருந்துச்சு, எழுந்து பனிய தட்டி விட்டுக்கிட்டான், அழக்கூட இல்ல. கொண்டு போன சப்பாத்தி ரோல பார்க்கிங்ல உக்காந்து சாப்பிட்டோம், திரும்ப கிளம்பறப்ப ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டே சொன்னான், "நீங்க இங்கயே இருங்கப்பா". போன மாசம் ஸ்கூல்லேர்ந்து போறதுக்கு பேர் குடுத்தான். பெரியவங்க ஒருத்தர் கூட வரலாம்னு ஃபார்ம்ல இருந்துச்சு, அவன் அம்மா பேர எழுதியிருக்கான். அவளுக்கு பனினாலே ஆகாது.

ஃப்ரீமாண்ட்_பூனை:

பச்சமொளகா சொன்னதுல ஒரு பாயின்ட் இருக்குனு நேத்து சனிக்கிழமை ஸ்டாக்டன் வரைக்கும் ஓட்டிட்டு போனேன், பெட்ரோலுக்கே ஆச்சு ஒரு தொகை. ட்ரக் அங்கயேதான் நிக்குது, அந்தம்மாவேதான். போன்ல எழுதி வச்சுக்கிட்டு போய் கேட்டேன். அவங்க சந்தோஷமா தலைய ஆட்டி, அந்த வாளியவே தூக்கி காட்டினாங்க. அதுதான் ருசிங்கற மாதிரி விரல குவிச்சு முத்தம் வேற.

இன்னிக்கு காலைல அப்பா வீடியோ கால். அம்மா பின்னாடி அடுப்புல நிக்கிறாங்க, கையில மத்து. "நீ நேத்து அந்தப் பக்கம் போனியாமே, மருமக சொன்னா. என்ன எண்ணெய்னு கேட்டியா?"ன்னார்.

நல்லெண்ணெய்னு சொல்லிட்டேன்.

செயின்_போட்ட_சிங்கம்:

போச்சு. அம்மா இப்பவே ஊத்தியிருப்பாங்க, அந்த ருசி வராது, சாயங்காலம் திரும்ப போன் வரும் பாருங்க.

அப்புறம், 16 இன்ச் டயருக்கு செயின் ஒரு செட் சும்மா கிடக்கு, ஒரே தடவ மாட்டினது. யாருக்காவது வேணும்னா சொல்லுங்க.