மருந்திடைவினை: ஒரு சொல் முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு மருந்து மற்றொன்றின் வேலையை மாற்றுவதைக் குறிக்க (ஆங்கிலத்தில் 'drug interaction') 'மருந்துப் பகை' என்ற சொல் இங்கே முன்வைக்கப்பட்டது. பத்தியம் பார்த்துப் பழகிய நம் மக்களுக்கு அது உடனே விளங்கும் என்பது உண்மைதான். ஆனாலும் அதை ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

பாளையங்கோட்டையில் எந்த மெடிக்கலில் நின்றாலும், "அண்ணாச்சி, ஒரு கேஸ் மாத்திரை குடுங்க" என்று சீட்டில்லாமல் கேட்பவரைப் பார்க்கலாம். அவரே மனச்சோர்வுக்கு எஸ்சிடலோப்ராம் சாப்பிடுபவராகவும் இருக்கலாம். அதைக் கடைக்காரரிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றாது. 'கேஸ் மாத்திரை' என்று வாங்கப்படும் அமிலம் குறைக்கும் மருந்துகளில் ஒன்றான ஒமிப்ரசோல், கல்லீரலில் உள்ள சிஒய்பி2சி19 என்னும் நொதியைத் தடுக்கிறது. எஸ்சிடலோப்ராமைச் சிதைப்பதில் அந்த நொதிக்குப் பெரும்பங்கு உண்டு என்பதால், இரண்டும் சேரும்போது இரத்தத்தில் எஸ்சிடலோப்ராமின் அளவு ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுகிறது. அதன் உறவான சிடலோப்ராம் மிகுந்தால் இதயத் துடிப்பின் சீர் குலையக்கூடும். ஆகவேதான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இந்த நொதியைத் தடுக்கும் மருந்து சாப்பிடுவோருக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் சிடலோப்ராம் கூடாது என்று 2012இல் அறிவுறுத்தியது. ஒமிப்ரசோலின் வகையையே சேர்ந்த பான்டோப்ரசோல் இந்த நொதியை அவ்வளவாகத் தடுப்பதில்லை.

மறுபக்கமும் உண்டு. இவ்வகை மனச்சோர்வு மருந்துகள் இரத்தத் தட்டணுக்களில் செரடோனினைக் குறைப்பதால், வலி மாத்திரையும் சேர்ந்து சாப்பிடுவோருக்கு இரைப்பையில் இரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது; அத்தகையோருக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை மருத்துவரே சேர்த்து எழுதுவார். ஒரே சேர்க்கை ஒருவருக்கு எச்சரிக்கையாகவும் இன்னொருவருக்குக் காப்பாகவும் அமையும்போது, 'பகை' என்பது பாதி உண்மையை மறைத்துவிடும். அச்சொல்லைப் படித்துப் பயந்து, மனச்சோர்வு மாத்திரையை ஒருவர் தாமாகவே சட்டென்று நிறுத்திவிட்டால் தலைசுற்றலும் பதற்றமும் வரலாம், நோயும் திரும்பலாம். எனக்குள்ள பெருங்கவலை இதுதான்.

'எதிர்வினை' ஒற்றை மருந்தின் ஒவ்வாத விளைவுக்கே வழங்கி வருகிறது. 'ஊடாட்டம்' கணினித் துறையில் நிலைத்துவிட்டது. அறிவியல் நூல்களில் ஏற்கெனவே உள்ள 'இடைவினை' நன்மை தீமை இரண்டையும் முன்கூட்டித் தீர்மானிப்பதில்லை. ஆகவே 'மருந்திடைவினை' என்று ஒரே சொல்லாகக் கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. 'மருந்திடைவினை எச்சரிக்கை', 'மருந்திடைவினையால் அளவு கூடுதல்' என அதிலிருந்து தொடர்கள் இயல்பாகக் கிளைக்கும். நோயாளிகளுக்கான துண்டறிக்கையில் மட்டும், 'வேறு மாத்திரை சாப்பிட்டால் கடையில் சொல்லுங்கள்' என்ற வரியை அதற்கு முன்னே அச்சிட வேண்டும்.

இலக்கணம் அறிந்தோர் புணர்ச்சியைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.