புதுப்பிப்பு: 97 டிகிரியில் அணைந்துபோன லேப்டாப், இப்போதைக்குப் புதுசு வேண்டாம்

ஐந்து வருட லேப்டாப், வீடியோ கால் நடுவே 97 டிகிரி தொட்டு அணைகிறது, மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தேன். கழற்றிப் பார்த்தாச்சு. ஃபேன் நன்றாகவே சுற்றுகிறது. அதற்கும் ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகப் பாகம்) தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. வெளியிலிருந்து ப்ளோயர் அடித்தால் இது போகாது, ஃபேனைக் கழற்றியே ஆகணும். முதலில் பேட்டரி கனெக்டரைப் பிடுங்கிவிடுங்கள். சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகிப்போயிருந்தது; அதை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, புதுசை மெல்லிசாகத் தடவி, ஹீட்சிங்க் திருகுகளை அதில் பொறித்திருக்கும் எண் வரிசையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். ஒரே பக்கம் இறுக்கினால் சிப் மூலை உடையலாம்.

இப்போது அதே வேலைக்கு 78 டிகிரிதான். விண்டோஸ் பவர் ஆப்ஷனில் அதிகபட்ச ப்ராசஸர் அளவை 99% ஆக்கியதும் டர்போ (ப்ராசஸர் தானாக வேகத்தைக் கூட்டிக்கொள்வது) நின்று, சூடு இன்னும் குறைந்தது; வேகமும் கொஞ்சம் போச்சுதான்.

டச்பேட் மேலெழும்பினால் மட்டும் கதை வேறு. அது பேட்டரி உப்பல், லேப்டாப்பைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்துங்கள்.