மினி டிராக்டருக்குக் கருவி: வாங்கவா, வாடகைக்கு எடுக்கவா?

திருப்பாலைக்குடி பக்கத்திலிருந்து ஒருவர்:

24 ஹெச்.பி. மினி டிராக்டர் வாங்கியாச்சு. கூடவே ஐந்து கொத்து உள்ள கொத்துக் கலப்பை ஒன்று மட்டும் வந்தது. மூன்று ஏக்கர் மானாவாரி நெல், ஒரு ஏக்கர் முண்டு மிளகாய். ரொட்டவேட்டர் (சுழலும் பிளேடால் மண்ணைப் பொடியாக்கும் கருவி), பார் கலப்பை (பாத்தியில் மேடும் பள்ளமுமாகப் பார் பிடிப்பது), டிரெய்லர், குழி தோண்டும் கருவி என்று கடையில் ஒரு பட்டியலையே கொடுத்துவிட்டார்கள். எல்லாம் வாங்கக் கையில் காசு இல்லை. நம்ம ராமநாதபுரம் கடலோரத்தில் விவசாயம் பார்ப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

தேவிபட்டினம் விவசாயி:

தம்பி, முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நம்ம பக்கம் வாடகை என்றால் டிராக்டர், டிரைவர், கருவி மூன்றும் சேர்ந்துதான் வரும். கருவியை மட்டும் தனியாகக் கொடுப்பவர் குறைவு. அப்படிக் கிடைத்தாலும் அது 45, 50 ஹெச்.பி. வண்டிக்கான ஐந்தடி, ஆறடி ரொட்டவேட்டராக இருக்கும். உங்கள் வண்டி அதைத் தூக்கவே திணறும். கருவியை வண்டியில் மாட்டும் இரும்பு முளையும் (பின்) பொருந்தாது: சின்ன வண்டியின் கீழ்க் கையில் மாட்டும் பின் 22 மி.மீ., பெரிய வண்டிக்கு 28 மி.மீ. ஆகவே 'கருவியை மட்டும் வாடகைக்கு எடுத்து நம்ம வண்டியில் மாட்டிக்கொள்ளலாம்' என்ற கணக்கு பாதி நேரம் நடக்காது.

அடுத்தது மழை. நமக்கு வடகிழக்குப் பருவமழைதான் எல்லாம். புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறவர்கள் நாம். ஒரு நல்ல மழை விழுந்தால் ஊரில் எல்லா வயலும் ஒரே சமயத்தில் பதத்துக்கு வரும். அந்தப் பதம் நாலு நாள் நிற்காது. வாடகை டிராக்டர்காரர் பத்து ஏக்கர் ஒரே தாக்காக இருக்கும் இடத்துக்குத்தான் முதலில் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது, டீசல் கணக்கு அவருக்கும் இருக்கிறது. மூன்று ஏக்கர்காரன் முறைக்குக் காத்திருக்கும்போது ஈரம் போய்விடுகிறது. விதையை மூடக் கலப்பை இல்லாமல் எங்கள் ஊரில் பலர் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் என் தீர்மானம் இதுதான்: மழை அவசரப்படுத்துகிற வேலைக்கான கருவி சொந்தமாக இருக்க வேண்டும். அவசரமில்லாத வேலைக்கு வாடகை போதும்.

கொத்துக் கலப்பை உங்களிடம் இருக்கிறது, நல்லது. மிளகாய்க்குப் பார் கலப்பை வாங்கிவிடுங்கள். விலையும் அதிகமில்லை, அதில் சுழலும் பாகமும் இல்லை, கெட்டுப்போக ஒன்றுமில்லை. கோடை உழவுக்குச் சட்டிக் கலப்பை (வட்டத் தட்டுகள் உள்ள கலப்பை) வேண்டுமென்றால் வாடகைக்குச் சொல்லுங்கள். சித்திரையில் யாருக்கும் அவசரம் இல்லை. வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டரையும் அரசின் உழவன் செயலியில் (மொபைல் ஆப்) முன்பதிவு செய்யலாம். குழி தோண்டும் கருவி வேண்டவே வேண்டாம். வேலி போடும் ஒரு வாரத்துக்காக அதை வருடம் முழுக்க வைத்துக் காப்பதா?

உச்சிப்புளி, தென்னந்தோப்பு வைத்திருப்பவர்:

அண்ணே சொல்வது நெல் வயலுக்குச் சரி. தோப்புக்காரியாக என் கணக்கு வேறு. தென்னைக்கு நடுவே களை வருடம் முழுக்க முளைக்கிறது. அதனால் நாலடி ரொட்டவேட்டர் சொந்தமாக வாங்கினேன். சிறு, குறு விவசாயிக்கும் பெண்களுக்கும் ஐம்பது சதவீதம் மானியம் உண்டு, மற்றவர்களுக்கு நாற்பது. அதற்கு உச்சவரம்பும் இருக்கிறது. மானியத்தை நம்பி இறங்குகிறவர்கள் பங்குனி, சித்திரையிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். விதைப்பு நேரத்தில் அலைந்தால் கிடைக்காது.

ஆனால் கடலோரத்தில் இரும்பை வாங்குகிறவர்கள் உப்பையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். எங்கள் மணல் உப்புத்தாள் மாதிரி பிளேடைத் தேய்க்கிறது. வேலை முடிந்ததும் பலர் போர் தண்ணீரில் கழுவுகிறார்கள். எங்கள் பக்கம் பல போரில் உப்புத் தண்ணீர்தான், கழுவாமல் விட்டாலே தேவலாம். நான் மண்ணைச் சுரண்டித் தள்ளிவிட்டு, நல்ல தண்ணீர் ஒரு குடம் ஊற்றி, காய்ந்ததும் பழைய இன்ஜின் ஆயிலைப் பிளேடில் தடவி, பலகைமேல் நிறுத்துகிறேன். மேலே கூரை கண்டிப்பாக வேண்டும். தார்ப்பாய் போட்டு இறுக மூடாதீர்கள், உள்ளே வியர்த்துத் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். ஓடுகிற ரொட்டவேட்டரைவிட சும்மா நிற்கிற ரொட்டவேட்டர்தான் இங்கே சீக்கிரம் சாகிறது. பேரிங், சீல் எல்லாம் நிற்கும்போதே போகின்றன. தம்பிக்கு வருடத்தில் ஒரு வாரம்தான் வேலை என்றால் வாங்க வேண்டாம் என்பேன்.

சாயல்குடி பக்கம், பங்காளிகளோடு சேர்ந்து வாங்கியவர்:

நாங்கள் மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு ரொட்டவேட்டரும் டிரெய்லரும் வாங்கினோம். டிரெய்லரில் சண்டையே இல்லை. எரு, வைக்கோல், தண்ணீர் டேங்க் என்று ஏதாவது ஒரு வேலை அதற்கு எப்போதும் இருக்கிறது, யாருக்கும் இன்றைக்கே வேண்டும் என்பதில்லை. ரொட்டவேட்டர் அப்படியில்லை. மூன்று பேர் வயலும் ஒரே மழையில்தான் நனைகின்றன. யார் வயலுக்கு முதலில் போவது என்று மழைக்கு முன்பே பேசி, வருடா வருடம் முறை மாற்றி எழுதி வைத்துக்கொண்டோம். அதற்குப் பிறகுதான் வீட்டில் அமைதி.

வைக்கோல் கட்டும் மெஷினைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அதற்குப் பெரும்பாலும் பெரிய வண்டி வேண்டும். அறுவடை முடிந்ததும் ஆட்களே வண்டியோடு வருவார்கள். சீமைக்கருவேல் மண்டிய நிலமென்றால் வேரை எடுக்க ஜேசிபிதான், மணிக்கணக்கில் வாடகை. எடுத்த பிறகு முள்ளைப் பொறுக்காமல் மினி டிராக்டரை உள்ளே விடாதீர்கள். சின்ன முன் டயர் உடனே பஞ்சர் ஆகிவிடும்.

திருப்பாலைக்குடி:

எல்லாருக்கும் நன்றி. பார் கலப்பை சொந்தமாக. ரொட்டவேட்டரை இந்த வருடம் வாடகைக்குப் பார்க்கிறேன். பக்கத்து ஊரில் மினி டிராக்டர் வைத்திருக்கும் ஒருவர் தன் மூன்றரை அடி ரொட்டவேட்டரைத் தருகிறேன் என்கிறார். எடுக்கும் முன்பு என்ன பார்க்க வேண்டும் அண்ணே?

தேவிபட்டினம் விவசாயி:

பின் அளவு முதலில். அப்புறம் பி.டி.ஓ. ஷாஃப்டின் (இன்ஜின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் தண்டின்) நீளம். மாட்டிவிட்டு பி.டி.ஓ.வைச் சுழல விடாமல் மெதுவாகத் தூக்கி இறக்கிப் பாருங்கள். ஷாஃப்ட் நீளமாக இருந்தால் தூக்கும்போது முட்டி கியர்பாக்ஸை உடைத்துவிடும். குட்டையாக இருந்தால் ஓடும்போது கழன்று வரும், அது ஆளையே அடிக்கும். ஷாஃப்டின் மேல் பிளாஸ்டிக் கவசம் இல்லாமல் எடுக்காதீர்கள், வேட்டி சிக்கினால் நிறுத்த நேரம் இருக்காது. பிளேடு எல்லாம் இருக்கிறதா, எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறது என்பதை அவர் முன்னாலேயே போட்டோ எடுத்து அவருக்கும் அனுப்பிவிடுங்கள். கியர் ஆயிலை நீங்களே ஊற்றிக் கொண்டுபோங்கள். திருப்பிக் கொடுக்கும்போது நல்ல தண்ணீரில் கழுவிக் கொடுத்தால் அடுத்த மழைக்கும் உங்களுக்குத்தான் தருவார்.