நாய்ஸ், இரைச்சல், நொய்: கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

காட்பாடியிலிருந்து, திங்கள் காலை

குழுவினருக்கு வணக்கம். பழைய டிஜிட்டல் எஸ்எல்ஆரிலிருந்து புதியதற்கு மாறுகிறவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். நிக்கான் டி5300 வைத்திருந்து டி7500 வாங்குகிறவரை மனத்தில் வைத்து எழுதியது. பெரும்பகுதி தமிழில் வந்துவிட்டது: புதிய கேமரா உடலிலேயே ஃபோகஸ் மோட்டார் இருப்பதால், தமக்குள் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் தாமாகக் குவியும், பழைய இஎன்-இஎல்14ஏ பேட்டரி இதில் சேராது, சிப் இல்லாத, ஏஐ என்னும் பழைய வகை லென்ஸ் போட்டால் ஒளியளவு காட்டாது, அது வேண்டுமென்றால் டி7200 பக்கம் போக வேண்டும்.

சிக்கிக்கொண்டது ஒரு சொல்லில். நாய்ஸ், அதாவது இருட்டில் எடுத்த படத்தில் பொடி தூவினாற்போல் வரும் பிழை. அது வரும் பத்தி இது:

“புதிய கேமராவில் நாய்ஸ் குறைவு என்று கேள்விப்பட்டு வாங்கியவர், கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களை எடுத்துவிட்டு, திரையில் 100 விழுக்காட்டுக்குப் பெருக்கிப் பார்த்து, பழசே தேவலை என்பார். பெரும்பாலும் குற்றவாளி ஆட்டோ ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தைப் பெருக்கும் அளவைக் கேமராவே தேர்ந்துகொள்ளும் வசதி. பழைய உடலில் சாதாரண எல்லை 12800, இதில் 51200. வரம்பு கட்டாமல் விட்டால் இருட்டைக் கண்டதும் கேமரா மேலே ஏறிவிடும். உச்ச வரம்பை 6400இல் நிறுத்துங்கள். தூண் அசையாது, கை நடுங்காமல் 1/30 விநாடி பிடிக்க முடிந்தால் குறைந்தபட்ச ஷட்டரை அதிலேயே வையுங்கள். ஆள் நிற்கிற படத்துக்கு மட்டும் 1/125.”

இதற்கு அடுத்த தலைப்பு ‘நாய்ஸ் குறைப்பு’. கரும்பலகையில் அதை எழுதினால் கடைசி பெஞ்சில் குரைக்கிறார்கள். உதவுங்கள்.

ஆற்காட்டிலிருந்து, திங்கள் மதியம்

தம்பி, ஸ்டுடியோக்காரர் எவரும் நாய்ஸ் என்று சொல்வதில்லை. “படம் கிரெய்ன்ஸ் அடிக்குது” என்பார்கள். ஆல்பம் லேபிலும் அதே சொல்தான். கிரெய்ன்ஸ் என்றே போட்டுவிடுங்கள், எல்லாருக்கும் புரியும். மெனுவில் ‘ஹை ஐஎஸ்ஓ என்ஆர்’ (உயர் ஐஎஸ்ஓவில் நாய்ஸ் குறைப்பு) என்று இருப்பதை எப்படியும் விளக்கத்தான் போகிறீர்கள்.

ஒரு திருத்தம். அந்த என்ஆர் ஜேபெக்கில்தான் வேலை செய்யும். கேமரா பக்குவப்படுத்தாமல் தரும் ரா கோப்பில் ஒரு குறிப்பாக மட்டும் போகும், அதை நிக்கான் மென்பொருள்தான் மதிக்கும். ராவில் எடுத்துவிட்டு மெனுவில் என்ஆரை ஏற்றி இறக்கிப் பார்ப்பது வீண் வேலை என்று எழுதுங்கள்.

ஆரணியிலிருந்து, திங்கள் இரவு

கிரெய்ன்ஸ் என்றால் தானியம்தானே ஐயா! ஆரணிக்காரனிடம் அரிசிக்கா சொல் இல்லை? நொய். அரைபட்டு உடைந்த அரிசி. முழு அரிசியோடு கலந்து கிடந்து அதன் மதிப்பைக் குறைப்பது எதுவோ அதுவே நொய்.

வேர் பார்ப்போம். நொ என்பதே ஒரு சொல். நன்னூலார் ஓரெழுத்து ஒருமொழியில் குறிலாக ஏற்றவை இரண்டுதான், நொ, து. நொ என்றால் வருந்து. அதிலிருந்து நோய், நொம்பலம். நுண், நுணுக்கு, நொறுங்கு, நொய் எல்லாம் சிறுத்துப்போதல் என்ற ஒரே கருத்தைச் சுற்றி வருபவை. கன்னடத்தில் நொய்க்கு நுச்சு, தெலுங்கில் நூக்கலு. குறுநொய்தான் குறுணை ஆயிற்று. நொய்யல் ஆற்றின் பெயரையும் இந்தக் கோணத்தில் ஆராய இடமுண்டு. அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

புணர்ச்சியும் சிக்கலில்லை. நொய்க்கஞ்சியில் ஒற்று மிகுவது போல நொய்க்குறைப்பு. நாய் குரைக்காது.

ஆலங்காயத்திலிருந்து, செவ்வாய் காலை

நாய்ஸ் தமிழிலிருந்து போன சொல் என்று புலவர் ஐயா தொடங்குவதற்குள் குறுக்கிடுகிறேன்.

நொய் நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஒரே சீராகப் பொடி தூவினாற்போல் வருவது வெளிச்ச அளவில் வரும் பிழை. அதற்கு நொய் சரி. நிழலில் சிவப்பும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக வருவது நிறத்தில் வரும் பிழை. அதை நொய் என்றால் கண்ணுக்கு ஒவ்வாது, ‘நிறத்திட்டு’ எனலாம். இரண்டையும் பிரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் மருந்தும் வேறு. நிறத்திட்டைத் தாராளமாகக் குறைக்கலாம், படம் கெடாது. பொடியை அதே அளவு குறைத்தால் யாளியின் உளி வேலைப்பாடு வழித்துக்கொண்டு போய்விடும், கருங்கல் வழவழப்பாகிவிடும்.

மூன்றாவது, சூட்டினால் வருவது. ஜவ்வாது மலையில் நட்சத்திரம் எடுப்பவர்களுக்கு இதுதான் தலைவலி. உணரி, அதாவது கேமராவில் ஒளியைப் பிடிக்கும் சில்லு, 6 முதல் 8 டிகிரி சூடேறினால், ஒளி படாதபோதும் அதில் ஓடும் இருட்டு மின்னோட்டம் ஏறத்தாழ இரு மடங்கு. வேலூர் மே மாதத்தில் கேட்கவே வேண்டாம். இது ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் சிவப்பாகவோ நீலமாகவோ நிற்கும் புள்ளி. மெனுவில் நீள் ஒளிபதிவுக்கான என்ஆரைப் போட்டால், 30 விநாடி எடுத்ததும் கேமரா ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு 30 விநாடி இருட்டை எடுத்துக் கழிக்கும். கேமரா தொங்கிவிட்டது என்று பயந்து பேட்டரியைக் கழற்றுகிறார்கள். பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குபவர்கள் அதை அணைத்துவிட்டு, கடைசியில் லென்ஸ் மூடியைப் போட்டு அதே ஐஎஸ்ஓ, அதே விநாடியில் பதினைந்து இருபது இருட்டுப் படம் எடுத்துக்கொள்ளட்டும். உணரி அதே சூட்டில் இருக்கும்போதே எடுக்க வேண்டும். இதன் பெயர் ‘சூட்டுப்புள்ளி’.

குடியாத்தத்திலிருந்து, செவ்வாய் மாலை

எல்லாரும் அரிசி மூட்டையைப் பிரித்துவிட்டீர்கள். மின்னணுவியல் தமிழ்ப் பாடத்தில் இரைச்சல் என்ற சொல் ஏற்கெனவே வேரூன்றியிருக்கிறது. அதை ஏன் கேமராவுக்கு மட்டும் மாற்ற வேண்டும்? படத்தில் காது எங்கே என்று கேட்பீர்கள். ஜெர்மன் இயற்பியலாளர் ஷாட்கி 1918இல் வெற்றிடக் குழாய்களில் கண்டதும், இன்று உணரியில் நடப்பதும் ஒரே கணக்கு. ஒரு புள்ளியில் 100 ஒளித்துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 விழுக்காடு. 10,000 விழுந்தால் 100, வெறும் 1 விழுக்காடு. வெளிச்சம் குறைந்தால் படம் பொடிவது இதனால்தான். ஐஎஸ்ஓ எண் தானாக எதையும் உண்டாக்குவதில்லை, குறைந்த வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. வானொலிக்கு இரைச்சல், கேமராவுக்கு நொய் என்று பிரித்தால், இரண்டும் ஒரே இயற்பியல் என்பதை மாணவர் எப்போது தெரிந்துகொள்வார்?

நொய் என்றுதான் வைப்பீர்களானால் வினையையாவது சரியாக வையுங்கள். நொய்யைக் ‘குறைப்பது’ இல்லை. புடைத்தால் உமியும் தூசும்தான் பறக்கும். நொய்யைப் பிரிக்கத் தெள்ள வேண்டும். முறம் பிடித்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆரணியிலிருந்து, செவ்வாய் இரவு

அம்மா சொன்னது முழு உண்மை. தெள்ளுதல்! தெள், தெளி, தெளிவு, தெண்ணீர். படம் தெளிவாவதும் அதே வேர். ‘நொய்தெள்ளல்’. இதைவிடப் பொருத்தமான சொல் வாய்க்காது.

ஆற்காட்டிலிருந்து, புதன் காலை

கேமரா வாங்கிய பையனிடம் “நொய்தெள்ளல் அளவை நார்மலில் வை” என்றால் ஓடிவிடுவான் ஐயா. தொல்காப்பியர் எச்சவியலில் வடசொல்லையே எழுத்து மாற்றி எடுத்துக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறார் என்று நீங்கள்தானே முன்பு எழுதினீர்கள்? கிரெய்ன்ஸுக்கு மட்டும் என்ன தடை?

ஆரணியிலிருந்து, புதன் காலை

வடசொல்லுக்குச் சொன்னது ஆங்கிலத்துக்கு எப்படிப் பொருந்தும்? தவிர, கிரெய்ன் ஃபிலிமுக்கு உரியது. ஃபிலிமில் அது வெள்ளி உப்பிலிருந்து உண்டாகும் மணி. படமே அந்த மணிகளால் ஆனது, பிழையன்று. அதற்குக் குறுணை என்று வையுங்கள், உணரியின் பிழைக்கு நொய்.

ஆலங்காயத்திலிருந்து, புதன் மதியம்

குறுணை வேண்டாம். உரக்கடையில் குருணை மருந்து என்றால் வேறு பொருள், எழுத்தும் வேறு. கையேட்டில் ஃபிலிமே இல்லையே, அந்தச் சண்டை எதற்கு?

காட்பாடியிலிருந்து, வியாழன் மாலை

அச்சகத்தார் இரண்டு முறை கேட்டுவிட்டார். தனி மடலில் வந்தவற்றையும் சேர்த்து எண்ணினால் நொய்க்குச் சற்றுக் கூடுதல். எனவே உடற்பகுதியில் ‘நொய்’. முதல் முறை வரும் இடத்தில் “ஸ்டுடியோக்களில் கிரெய்ன்ஸ் என்பது, பாடநூல்களில் இரைச்சல்” என்று ஒரு வரி. நிறத்திட்டும் சூட்டுப்புள்ளியும் அப்படியே போகின்றன. ஒளித்துகள் கணக்கைப் பெட்டிச் செய்தியாக வைத்திருக்கிறேன். தலைப்பு ‘நொய்க்குறைப்பு’; தெள்ளல் அழகுதான், ஆனால் மெனுவைப் பார்த்துக்கொண்டே படிப்பவருக்குக் குறைப்பு போதும்.

குடியாத்தத்திலிருந்து, வியாழன் இரவு

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பெட்டிச் செய்தியில் மட்டுமாவது இரைச்சல் என்று இருக்கட்டும். அந்தக் கணக்குக்கு நொய் பொருந்தாது. அத்துடன் 5ஆம் பக்கத்தில் ‘எல்இடி விளக்கில் வரும் வரிகள்’ என்ற இடத்தையும் பாருங்கள். அது நொய்யும் அல்ல, இரைச்சலும் அல்ல. விளக்கு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 முறை துடிப்பதால் வருவது. ஷட்டரை 1/100 அல்லது 1/50இல் வைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

ஆரணியிலிருந்து, வியாழன் பின்னிரவு

வரிகளுக்குக் ‘கீற்று’ பொருந்துமா? கீறு என்னும் வினையிலிருந்து வருவது. விரிவாகக் காலையில் எழுதுகிறேன்.