தலையீத்துக் குதிரை, ராத்திரி காவலுக்கு யோசனை வேண்டும்

அந்தியூர் சந்தையில் வாங்கிய எங்கள் மார்வாரி பெண் குதிரைக்கு இது தலையீத்து, 11 மாதம் தாண்டியாச்சு. மடி நன்றாக இறங்கிவிட்டது, வாலடி தளர்ந்து கொழகொழவென்று இருக்கிறது, நேற்று சாயந்திரம் காம்பு நுனியில் மெழுகு மாதிரி மஞ்சள் துளி கட்டியிருந்தது, ஆனால் தீனி வழக்கம்போல எடுக்கிறாள். பனிக்குடம் உடைந்தால் அரை மணி நேரத்துக்குள் குட்டி வெளியே வந்துவிட வேண்டும், வெள்ளைப் பைக்குப் பதில் சிவப்புப் பை முதலில் தெரிந்தால் உடனே கிழித்துக் குட்டியை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் வந்து சேரவே ஒரு மணி நேரம் ஆகும், அதுதான் பயம்.

யாராவது அப்படிக் கையால் கிழித்து எடுத்திருக்கிறீர்களா? ஆள் பக்கத்தில் நின்றால் குதிரை குட்டி போடாமல் அடக்கிக்கொள்ளும் என்பதால் லாயத்துக்கு இருட்டிலும் தெரிகிற கேமரா எது நல்லது? அனுபவப்பட்டவர்கள் இன்றைக்கே சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும்.