ஐஸ் டான்ஸுக்கு மாற 11 வயது பிந்திவிட்டதா?

மார்க்கம்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். மகள் 2014 மார்ச்சில் பிறந்தவள், இப்ப ஃபிகர் ஸ்கேட்டிங்கில சிங்கிள்ஸ் (தனியாள் பிரிவு) செய்கிறாள். தாவல்களில சிங்கிள் ஆக்சல் வருது, டபுள்களில (இரண்டு சுற்று) சால்கோ மட்டும்தான் நிக்குது. பயிற்றுநர் "எட்ஜ் (பிளேட்டின் விளிம்பில சாய்ந்து ஓடுறது) ஆழமா இருக்கு, தாளமும் பிடிபடுது, சோடியா ஆடுற ஐஸ் டான்ஸுக்கு விடுங்கோ" என்கிறார். கேள்விகள் இவைதான்:

பிந்திப்போச்சா? சர்வதேசப் போட்டிக்கு எத்தனை வயதில போகலாம்? இப்ப இருக்கிற பூட்ஸும் பிளேடும் போதுமா? கிளப்பில சோடிக்கு ஒரு பெடியனும் இல்லை, அப்ப என்ன செய்யிறது?

---

பனித்தளம்

பிந்தவில்லை. கனடாவின் ஐஸ் டான்ஸ் சோடி டெசா வெர்ச்சுவும் ஸ்கொட் மோயரும் 1997இல் சோடி சேர்ந்தபோது அவளுக்கு 7, அவனுக்கு 9 வயது. எல்லாரும் அந்தக் கணக்கைத்தான் எடுத்துக்காட்டுவார்கள், ஆனால் அது விதிவிலக்கு. சிங்கிள்ஸில் இருந்து 11, 12, 13 வயதில் மாறுகிறவர்கள் ஏராளம். வெர்ச்சு, மோயரிடம் கவனிக்க வேண்டியது தொடங்கிய வயதையல்ல, இடையில் ஓடிய காலத்தை. 2006இல் லுப்லியானாவில் உலக ஜூனியர் பட்டம், 2010இல் வான்கூவரில் ஒலிம்பிக் தங்கம். ஜூனியர் பட்டத்துக்கே 9 வருடம் எடுத்தது.

உங்கள் மகளின் பிறந்த திகதியை வைத்துக் கணக்குப் பார்ப்போம். சர்வதேச ஜூனியர் போட்டிக்கு, பருவம் தொடங்கும் ஜூலை 1க்கு முன் 13 வயது நிறைந்திருக்க வேண்டும். அவளுக்கு அது 2027-28 பருவம். சீனியருக்கு முன்பு 15 போதும். 2022 ஜூனில் புக்கெட்டில் கூடிய சர்வதேச ஸ்கேட்டிங் சங்க மாநாடு அதை 2023-24இல் 16, 2024-25 முதல் 17 என உயர்த்தியது. ஆக, சீனியர் அவளுக்கு 2031-32இல்தான். இடையில் முழுசாக நாலு ஜூனியர் பருவங்கள் கிடைக்கின்றன. பழைய விதி இருந்தால் இரண்டுதான். பிந்தித் தொடங்கும் பிள்ளைக்கு இந்த மாற்றம் நல்லது.

கனடாவுக்குள் படிகள் இப்படி: ஜுவனைல், ப்ரீ-நோவிஸ், நோவிஸ், ஜூனியர், சீனியர். மாகாண செக்‌ஷனல், பிறகு சேலஞ்ச் என்ற தகுதிப் போட்டி, பிறகு ஜனவரியில் தேசியப் போட்டி. ஜூனியர் கிராண்ட் ப்ரீ என்ற சர்வதேசப் போட்டித் தொடர் ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை நடக்கும். அதற்குப் பெற்றோர் விண்ணப்பிக்க முடியாது. நாட்டுக்குக் கிடைத்த இடங்களுக்குத் தேசிய அமைப்பான ஸ்கேட் கனடாதான் சோடிகளைத் தெரிவுசெய்து அனுப்பும். ஒரு சோடிக்கு அதிகபட்சம் இரண்டு போட்டி. முதலிடத்துக்கு 15 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 13, மூன்றுக்கு 11. மொத்தப் புள்ளியில் முதல் 6 சோடி இறுதிச்சுற்றுக்குப் போகும்.

நீங்கள் மார்க்கம் என்றால் தூரம் அலையத் தேவையில்லை. 2024 மொன்றியல், 2025 பொஸ்டன் உலகப் போட்டிகளில் வெள்ளி வென்ற பைப்பர் கில்லிஸும் போல் பொய்ரியேயும் பயிற்சி எடுப்பது பக்கத்து ஸ்காபரோவில்தான்.

---

கூர்முனை

பூட்ஸ், பிளேடு பற்றி மட்டும் சொல்கிறேன்.

இப்போதைய பிளேடோடு முதல் சில மாதம் ஓடலாம். பாட்டர்ன் டான்ஸ் (குறித்த தடத்தில், குறித்த அடிகளோடு ஆடும் நடனம்) பழக அது போதும். ஆனால் ஒருவனோடு சோடி சேர்ந்து, மூடிய பிடியில் (ஒருவரையொருவர் பார்த்து நெருங்கிப் பிடிப்பது) போகத் தொடங்கிய அன்றே டான்ஸ் பிளேடு வேண்டும். காரணம் வால். சிங்கிள்ஸ் பிளேட்டின் வால் குதிக்குப் பின்னால் நீண்டிருக்கும், தாவி இறங்க அது உதவும். டான்ஸ் பிளேட்டில் அது ஏறக்குறைய ஒரு அங்குலம் குறைவு. இருவரும் அரை அடி இடைவெளியில் கால் மாற்றும்போது நீண்ட வாலை மற்றவர் மிதித்தால் இரண்டு பேரும் விழுவார்கள். போட்டியில் ஒருவர் விழுந்தால் 1 புள்ளி, இருவரும் விழுந்தால் 2 புள்ளி வெட்டு.

பூட்ஸ்: சிங்கிள்ஸ் பூட்ஸ் தாவலைத் தாங்குவதற்காகக் கணுக்காலைச் சுற்றி விறைப்பாக இருக்கும். டான்ஸில் முழங்காலும் கணுக்காலும் ஆழமாக மடிய வேண்டும், பாதம் நன்றாக நீள வேண்டும். அதனால் டான்ஸ் பூட்ஸின் பின்பக்கம் தாழ வெட்டியிருக்கும். எடியாவின் ஃபிளமென்கோ இந்த வகைதான். மேல்தரத்தில் பூட்ஸும் பிளேடும் சேர்ந்து ஆயிரம் கனடிய டொலரைத் தாண்டும். வளர்கிற பிள்ளைக்கு வருடம் ஒரு சோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். "அடுத்த வருஷத்துக்கும் வரட்டும்" என்று ஒரு சைஸ் கூட்டி வாங்காதீர்கள். குதி உள்ளே தூக்கும், எட்ஜ் ஆடும், பிள்ளை கயிற்றை இறுக்கி இறுக்கிக் கணுக்கால் முன்பக்கத்தில் புண் ஆக்கிக்கொள்ளும்.

பூட்ஸில் பிளேடு பூட்டும்போது முதல் நாளே எல்லா ஆணியையும் இறுக்க விடாதீர்கள். நீள்துளைகளில் மட்டும் போட்டு இரண்டு மூன்று தடவை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு காலில் நேராக வழுக்கச் சொன்னால் பிளேடு தானாகவே உள்பக்கம் வளைந்து போகிறதா? அப்படியானால் பிளேட்டைச் சற்று உள்பக்கம் நகர்த்தி மறுபடி பார்க்க வேண்டும். சரியானதும் வட்டத் துளைகளில் நிரந்தர ஆணி.

சாணை: 20 முதல் 30 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை. சிங்கிள்ஸ் பிள்ளைகளுக்கு அரை அங்குலமோ அதைவிட ஆழமாகவோ குழிவு எடுப்பார்கள். டான்ஸுக்கு அரை அங்குலம் அல்லது எட்டில் ஐந்து. (இது குழிவு வட்டத்தின் ஆரம்; எண் கூடினால் குழிவின் ஆழம் குறையும்.) குழிவு ஆழமானால் பிளேடு ஐஸைக் கடிக்கும், ஆனால் திரும்பும்போது இழுக்கும், வேகம் செத்துவிடும். வாங்கி வந்ததும் பிளேட்டின் குறுக்கே நேரான உலோகச் சட்டம் ஒன்றை வைத்துப் பாருங்கள். சட்டம் சரிந்திருந்தால் ஒரு எட்ஜ் உயரம், மற்றது தாழ்வு. "இண்டைக்கு இடது கால் உள்எட்ஜ் மட்டும் வழுக்குது" என்று பிள்ளை சொன்னால் பயிற்சிக் குறை என்று திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

பிளாஸ்ரிக் கவசம் நடக்க மட்டும். அதோடு பைக்குள் வைத்தால் ஈரம் நின்று துரு ஏறும். துடைத்துத் துணி உறை போடுங்கள்.

---

மிஷிகன்வாசி

பார்ட்னர் விஷயம். இதுதான் ஐஸ் டான்ஸின் உண்மையான முட்டுக்கட்டை. பெண் பிள்ளைகள் நிறைய, பையன்கள் குறைவு. அதனால் பேரம் எப்போதும் பையன் பக்கம்தான். பயிற்றுநர் கட்டணத்தையும் ஐஸ் வாடகையையும் பாதிப்பாதி பிரிப்பதுதான் முறை. ஆனால் பெண் வீட்டார் கூடுதலாகச் சுமக்கும் ஏற்பாடுகள் இங்கே சகஜம். (நம் ஊர்க் கல்யாணப் பேச்சு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.) எதுவாக இருந்தாலும் எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்: யார் எதற்குக் கட்டுவது, எந்த அரீனா, பிரிந்தால் ஆடைக்கும் நடன அமைப்புக்கும் கொடுத்த காசு யாருடையது.

தேடுவதற்கு ஐஸ் பார்ட்னர் சர்ச் என்ற இணையப் பலகை இருக்கிறது. உயரம், பிறந்த வருடம், தேறிய டான்ஸ் தேர்வுகள், இடம் மாற முடியுமா என்பதெல்லாம் போட வேண்டும். மூன்று நிமிட வீடியோ போதும். அதில் தாவல் வேண்டாம். முன்னும் பின்னும் ஸ்ட்ரோக்கிங் (தள்ளி வழுக்குவது), இரண்டு பாட்டர்ன், ஒரு ட்விஸில் (ஒரு காலில் சுற்றியபடி நகர்வது) தொடர் இருந்தால் பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிடும்.

சேர்ந்து ஓடிப் பார்ப்பது இரண்டு முதல் நாலு நாள். முதல் நாள் கிலியன் பிடியில் சுற்றி வரச் சொல்லுங்கள். இருவரும் ஒரே திசையைப் பார்த்து, பெண் வலப்பக்கம், பையனின் வலது கை அவள் வலது இடுப்பில், இடது கைகள் முன்னால் நீண்டிருக்கும். அந்தப் பிடியில் முழங்கால் மடியும் நேரம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நடை நீளம் பழக்கத்தில் வரும், மடியும் தாளம் ஒவ்வாவிட்டால் இழுபறிதான். உயரத்தை இன்றைக்கு மட்டும் அளக்காதீர்கள், இரு வீட்டுப் பெற்றோர் உயரத்தையும் பாருங்கள். பையன் நாலைந்து வயது மூத்தவன் என்றால் இன்னொரு சிக்கல்: ஜூனியருக்கு மேல் வயது வரம்பும் உண்டு. இவள் தேறி வரும் நேரத்தில் அவன் அதைத் தாண்டியிருக்கக்கூடும்.

வேறு நாட்டுப் பையன் கிடைத்தால்? உலகப் போட்டி வரைக்கும் இருவரில் ஒருவரின் நாட்டுக்காக ஆடலாம். ஒலிம்பிக்குக்கு இருவருமே அந்த நாட்டுக் குடிமக்களாக இருக்க வேண்டும். கனடாவில் பிறந்த டானித் பெல்பின் அமெரிக்காவின் பென் அகோஸ்டோவோடு ஆடியவர். 2002 ஒலிம்பிக் அதனால்தான் கைநழுவியது. 2005 டிசம்பர் கடைசியில் கையெழுத்தான ஒரு சட்டம் குடியுரிமை தந்ததால் 2006 டுரினுக்குப் போய் வெள்ளி வாங்கினார்கள். பைப்பர் கில்லிஸ் இதற்கு எதிர்த்திசை: அமெரிக்காவில் பிறந்தவர், 2013 டிசம்பரில் கனடியக் குடியுரிமை பெற்றார். அவரும் பொய்ரியேயும் வேறு வேறு சோடிகளை விட்டு 2011இல் சேர்ந்தவர்கள். முதல் உலகப் பதக்கம் 2021இல். சோடி உடைந்தால் எல்லாம் முடிந்தது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

---

மார்க்கம்_அம்மா

மிக்க நன்றி. இன்னும் இரண்டு. பெடியன் கிடைக்கும்வரை பயிற்சியில என்ன செய்யிறது? தூக்கி ஆடுறதைப் பார்க்கப் பயமாயிருக்கு, அது எவ்வளவு ஆபத்து?

---

பனித்தளம்

@மார்க்கம்_அம்மா, 2022 டிசம்பரில் ஸ்கேட் கனடா உள்நாட்டுப் போட்டிக்கு "சோடி" என்பதை "இரண்டு ஸ்கேட்டர்கள்" என்று மாற்றி எழுதியது. அதாவது கனடாவுக்குள் இரண்டு பெண் பிள்ளைகள் சேர்ந்தே ஆடலாம். சர்வதேசப் போட்டியில் அது இன்னும் ஆண், பெண் சோடிதான். ஆனால் 11, 12 வயதில் பிடி, இடைவெளி, ஒத்த நேரம் எல்லாம் பழக இது தாராளம். கிளப்பில் அதே உயரத்தில் இன்னொரு பிள்ளை இருந்தால் இன்றே கேளுங்கள்.

அதோடு பாட்டர்ன் டான்ஸ்களைத் தனியாகவே தேறி வைக்கலாம். டச் வால்ட்ஸில் தொடங்குங்கள், நிமிடத்துக்கு 138 தட்டு. பிறகு கனஸ்டா டாங்கோ 104, ஃபோர்ட்டீன்ஸ்டெப் 112, யூரோப்பியன் வால்ட்ஸ் 135. ஒவ்வொன்றையும் முதலில் செருப்போடு தரையில், மெட்ரோனோம் வைத்து. சிங்கிள்ஸில் இருந்து வரும் பிள்ளைகளிடம் காணும் பெரிய குறை, தட்டுக்கு முன்னால் காலை வைத்துவிடுவது. தாவலுக்கு வேகம் சேர்த்த பழக்கம் அது. அடுத்தது த்ரீ-டேர்ன் (ஒரு காலில் முன்னிருந்து பின்னாகவோ, பின்னிருந்து முன்னாகவோ திரும்புவது): திரும்பியதும் தோளை நிறுத்தாவிட்டால் உடம்பு சுற்றிக்கொண்டே போகும், வளைவு சுருங்கும், தடம் அரீனாவின் மறுமுனைக்கு எட்டாது.

ட்விஸிலையும் இப்போதே தொடங்குங்கள். ஒரு காலில் சுற்றியபடியே நகர்ந்து போக வேண்டும். நகராமல் ஒரே இடத்தில் சுற்றினால் அது ட்விஸில் ஆகாது, தரம் இறங்கும். சிங்கிள்ஸ் பிள்ளை சுழலப் பழகியவள், அவள் கால் தானாக நின்ற இடத்தைத் தேடும். இடது, வலது இரண்டு திசையும், உள், வெளி எட்ஜ் எல்லாவற்றிலும் நுழையப் பழகட்டும். போட்டியில் ட்விஸிலுக்கு இருவருக்கும் தனித்தனித் தரம் போடுவார்கள். யார் பலவீனம் என்பது புள்ளித் தாளில் அப்படியே தெரியும்.

---

மிஷிகன்வாசி

தூக்கல் பற்றி: பெயர்ஸ் என்ற வேறு சோடிப் பிரிவோடு குழப்ப வேண்டாம். அங்கேதான் தலைக்கு மேல் கை நீட்டித் தூக்குவதும் எறிவதும். டான்ஸில் தூக்குபவரின் கை தலை உயரத்தைத் தாண்டக் கூடாது, எறிதல் கிடையாது. குறுகிய தூக்கல் 7 விநாடி, இரண்டு குறுகிய தூக்கல்களை இணைத்த சேர்க்கைத் தூக்கல் 12 விநாடி. தாண்டினால் 1 புள்ளி போகும். விழுந்தால் அடிபடாது என்று சொல்லவில்லை. ஆனால் ஏறுவதையும் இறங்குவதையும் தரையில் பாய் போட்டுப் பழகி, பிறகு நின்ற நிலையில், பிறகுதான் ஓட்டத்தில் என்று போகும் பயிற்றுநரிடம் விடுங்கள். முதல் வாரமே ஓட்டத்தில் தூக்கச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது தூக்கலைப் பற்றி அல்ல, கெண்டைக்காலைப் பற்றி. வெர்ச்சுவுக்கு 2008 ஒக்டோபரிலும் 2010 ஒக்டோபரிலும் காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. தசை வீங்கி, அதைச் சுற்றிய உறைக்குள் அழுத்தம் ஏறும் நோய். பயிற்சி தொடங்கிச் சில நிமிடத்தில் முன்கால் இறுகி வலித்து, ஓய்வெடுத்ததும் விட்டுவிட்டு, மறுநாள் அதே நிமிடத்தில் திரும்ப வந்தால் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் விளையாட்டு மருத்துவரிடம் போங்கள்.

---

கூர்முனை

ஒரு இடத்தில் மட்டும் பயிற்றுநரோடு ஒத்துப்போகவில்லை. சிங்கிள்ஸை இப்போதே முழுசாக விட வேண்டாம். இந்தப் பருவம் வாரத்தில் மூன்று நாள் டான்ஸ், இரண்டு நாள் சிங்கிள்ஸ் என்று போகட்டும். டான்ஸ் பிளேடு வாங்கியதும் அதில் தாவ விடாதீர்கள், அந்தக் குட்டை வாலில் டபுள் இறங்கினால் பின்னால் சாய்ந்து விழுவாள். பழைய பூட்ஸ் கால் கொள்ளும் வரை இரண்டு சோடியும் வைத்திருக்கலாம், ஆனால் ஒரே நாளில் மாற்றி மாற்றிப் போட விடாதீர்கள்.